ஆறாவது வெங்காயம்

ஹாக்ஸ்லா, டரம்
19 ஜனவரி 1986

தம்பி மேட்டிக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டு எழுதுகிறேன். எனக்கு இருமல் பழையபடிதான். நடமாடுகிறேன். உன் முகவரியை உன் பெண்டாட்டி டோரீனிடம் வாங்கினேன். அவள் இன்னும் தன் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். "கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்துச்சு அண்ணி. அதுல அவரு பேரும் முகவரியும் மட்டும்தான் இருந்துச்சு" என்றாள்.

விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பர் முதல் சனிக்கிழமை, பூ, பழம், காய்கறிக் கண்காட்சி மறுபடி நடக்கப் போகிறது. சுரங்க வேலைநிறுத்த வருடம் நடக்கவில்லை. போன வருடம் நடத்த யாருக்கும் மனம் வரவில்லை. இந்த முறை என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். "ஸ்ட்ரைக்குல வருஷம் பூரா முந்நூறு பேருக்கு சூப் ஊத்தினவ, நாப்பது தட்டு தக்காளிய வரிசையா வைக்க மாட்டாளா?" என்று ஹ்யூயி மோர்டூ கேட்டார், எல்லோரும் கை தூக்கினார்கள். அவர்தான் தலைவர்.

எனக்கு ஒன்றும் தெரியாது. நடுவரை எங்கே பிடிப்பது, மேசைகளை எப்படிப் போடுவது, எதை எப்போது செய்வது? எட்டு வருடம் அந்தக் கூடத்தில் மேசை போட்டவன் நீ. எழுது. உறையின் பின்பக்கம் உன் பெயரைப் போடாதே. தபாலாபீஸ் பெக்கியின் கண்ணைப் பற்றி உனக்குத் தெரியும். நானும் இதை ஆல்டனுக்குப் பஸ் ஏறிப்போய்த்தான் போடுகிறேன்.

குளிரில் வெளியே சுற்றாதே.

அக்கா ஆட்ரி


வெல்பி, லிங்கன்ஷயர்
24 ஜனவரி 1986

அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் இப்போது பரவாயில்லை. பட்டாணி டப்பா நகரும் பெல்ட்டின் முன்னால் நிற்பதற்குக் குனிய வேண்டியதில்லை. உன் இருமலை டாக்டரிடம் காட்டு. இந்தக் குளிரில் உன் அடுப்புக்கு நல்ல கரி கிடைக்கிறதா?

இங்கே வந்த பிறகு எனக்கு வந்த முதல் கடிதம் இது. அதனால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

நடுவர் வெளியூர்க்காரராக இருக்க வேண்டும். ஊருக்குள் அவருக்கு ஒரு மச்சான்கூட இருக்கக் கூடாது. சாப்பாடு நன்றாகப் போடு, ஆனால் தீர்ப்புக்குப் பிறகு போடு. காலை பத்தரைக்குக் கூடத்தின் கதவைச் சாத்திவிடு. யார் கெஞ்சினாலும் திறக்காதே. ஒவ்வொரு தட்டின் முன்னாலும் பெயர்ச்சீட்டைக் கவிழ்த்து வை. நடுவர் போன பிறகு, எல்லாச் சீட்டுகளையும் செயலாளர்தான் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பெயரைச் சத்தமாகப் படிக்க வேண்டும். எண்ணிக்கையில் கறாராக இரு. ஒரு தட்டுக்கு ஐந்து என்றால் ஐந்து. ஆறு வைத்திருந்தால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் நடுவர் 'விதிப்படி இல்லை' என்ற துண்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். அந்தத் தட்டின் சீட்டை மட்டும் திருப்பாதே. எண்ணத் தெரியாதவன் யார் என்று ஊருக்குக் காட்ட வேண்டாம் என்பது பழைய வழக்கம்.

இனி என் சொந்த விஷயம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வழக்கம்போல வெங்காய விதை போட்டேன். என் சொந்த விதைதான், சட்டைப் பையில் எடுத்து வந்திருந்தேன். ஜன்னலோரம் இருபத்திரண்டு முளைத்திருக்கின்றன. வீட்டுக்காரி கிரம்மிட் அம்மா எட்டிப் பார்த்து, "என்ன புல்லு வளக்கறீங்க? முயல் கியல் கொண்டுவர்றதா இருந்தா முன்னாடியே சொல்லிடணும்" என்றாள். பின்பக்கம் ஒரு கீற்று நிலம் தருகிறாளாம். மண் கறுப்பு, வெண்ணெய் மாதிரி.

விதிப்புத்தகத்தில் நாலாவது விதியைப் பார். உறுப்பினர் எந்த ஊரில் குடியிருந்தாலும் கலந்துகொள்ளலாம். வேறு சுரங்கங்களுக்கு வேலைக்குப் போனவர்களுக்காக எழுதியது. உறுப்பினர் பட்டியலில் என் பெயர் இன்னும் இருக்கிறதா?

பதிலை எதிர்பார்த்து,
மேட்டி


ஹாக்ஸ்லா
9 மார்ச் 1986

தம்பிக்கு,

நீ சுகம்தானே? எனக்குக் கொஞ்சம் சளி கட்டியதால் எழுதத் தாமதம். நடுவர் கிடைத்துவிட்டார். வடக்கே கடலோரத்திலிருந்து வருகிறார். யாருக்கும் மச்சான் இல்லை.

சுரங்கத்தை மூடிவிட்டார்கள். உனக்குத் தெரிந்திருக்கும். ஒரு வருடம் பிள்ளைகளோடு பட்டினி கிடந்து எதைக் காப்பாற்ற நின்றோமோ, அது ஒரு பக்கக் கடிதத்தில் முடிந்தது. வாயிலில் ஒட்டியிருந்த அந்தக் கடிதத்தில் இரண்டு எழுத்துப் பிழை. நம்மைத் தெருவில் விடுகிறவர்களுக்கு நம் ஊர்ப் பெயரைக்கூடச் சரியாக எழுத வரவில்லை. இப்போது இருபது வயதுப் பையன்கள் பகலில் சுவரோரம் நிற்கிறார்கள். அதில் ஹ்யூயியின் மகன் காலினும் ஒருவன். மறியலில் கல் எறிந்தான் என்று நான்கு மாதம் உள்ளே வைத்தார்களே, அதற்குப் பிறகு யாரும் அவனுக்கு வேலை தரவில்லை. அவன் எறிந்ததை யாரும் பார்க்கவும் இல்லை.

சுரங்கத்து வீடுகளை மொத்தமாக வாங்கிய கம்பெனிக்காரர் ஒருவர் கமிட்டிக்கு வந்தார். தன் பெயரில் ஒரு கோப்பை தருகிறாராம். அவர் போனதும் ஹ்யூயி, "குடுக்கட்டும். அடுத்த தடவை டாக்டர் மூத்திரம் கேட்டா, அதுல புடிச்சுக் குடுக்கறேன்" என்றார். ரொம்ப நாள் கழித்து எல்லோரும் சிரித்தோம்.

பட்டியல் கூடத்தின் பீரோவில் இருக்கிறது. சாவி ஹ்யூயியிடம். கேட்கும் வேளை வரவில்லை.

உடம்பைக் கவனி.
ஆட்ரி


வெல்பி
5 ஏப்ரல் 1986

அக்காவுக்கு,

சளி இறங்கியதா? எனக்கு உடம்புக்குக் குறைவில்லை.

சாவி கேட்க எத்தனை நாள் ஆகும்? கேட்க முடியவில்லை என்றால் அதையாவது எழுது.

நான் என்ன செய்தேன் என்பதை மூடி மறைக்கவில்லை. பதினொரு மாதம் மறியலில் நின்றேன். அதற்குப் பிறகு, போன வருடம் பிப்ரவரி 11 அன்று, ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்த பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போனேன். மூன்று வாரத்தில் போராட்டமே முடிந்துவிட்டது. அந்த மூன்று வாரத்துக்காக என் கதவில் கருங்காலி என்று சிவப்புப் பெயின்டில் எழுதினார்கள். நான் அதை அழிக்கவில்லை, எழுதியது உண்மைதான். பஸ் உங்கள் பொது அடுப்பைத் தாண்டிப் போன ஒரு நாள் நீ கரண்டியோடு வாசலில் நின்றாய். முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அதையும் குறை சொல்லவில்லை. நான் அந்தப் பக்கம் நின்றிருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

இங்கே எனக்குப் பெயர் கிடையாது. "ஏய், நாலாம் பெல்ட்டு, தூங்கறியா?" என்கிறான் மேஸ்திரி. சாப்பாட்டு வேளையில் இவர்கள் சுரங்கக்காரர்களைப் பற்றிப் பேசுவார்கள். சோம்பேறிகள், நன்றாக வேண்டும் அவர்களுக்கு என்று. எழுந்து அடிக்கக் கை வருகிறது. எந்த முகத்தோடு அடிப்பது? ஒரு பக்கத்துக்கும் நான் ஆள் இல்லை.

பரிசு கிடைக்காவிட்டால் போகட்டும். அந்தக் கூடத்தில் யாராவது ஒரு முறை என் பெயரைப் படிக்க வேண்டும். படிக்கப் போவது நீ.

மேட்டி


ஹாக்ஸ்லா
11 மே 1986

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் நலம் வேண்டும். பட்டியலைப் பார்த்தேன். உன் பெயர் அடிக்கப்படவில்லை. ஹ்யூயி பெயருக்குக் கீழே, தோட்டத்தில் நீங்கள் இருவரும் தண்ணீர்த் தொட்டியைப் பங்கு போட்டுக்கொண்ட அதே வரிசையிலேயே இருக்கிறது.

இன்னொன்றை மறைக்கக் கூடாது. வெங்காயக் கோப்பையில், நீ ஜெயித்த மூன்று வருடத்துக்கும் பொறித்திருந்த உன் பெயரை யாரோ ஆணியால் கீறி அடித்திருக்கிறார்கள். பாலிஷ் போட்டுத் தேய்த்தேன். கீறல் இன்னும் பளிச்சென்று தெரிகிறது.

நீ அனுப்பு. விதி இடம் கொடுக்கிறது. பெட்டியை ஆல்டன் ஸ்டேஷனுக்கு அனுப்பினால் நான் போய் எடுத்துக்கொள்வேன். சீட்டில் பெயர் எழுதிக் கவிழ்த்து வைப்பேன். யாரிடமும் முன்கூட்டிச் சொல்லப் போவதில்லை.

நீ நேரில் வர நினைக்கவில்லையே?

ஆட்ரி


வெல்பி
20 ஜூலை 1986

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பத்து முறையாவது படித்திருப்பேன். நீ சுகமாக இருக்க வேண்டும். நான் வரமாட்டேன், பயப்படாதே. பெயர் மட்டும்தான் வரும்.

வெங்காயங்கள் இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்தால் விரல்கள் தொட்டுக்கொள்ளாத அளவுக்கு வந்துவிட்டன. இருபத்திரண்டில் பதினாறு நிற்கிறது. ஆகஸ்ட் நடுவில் பிடுங்கிக் காயவைப்பேன். கிரம்மிட் அம்மா அக்கம்பக்கத்தாரைக் கூட்டிவந்து காட்டுகிறாள். "நம்ம வீட்டு வாடகைக்காரர் வாயே திறக்க மாட்டாரு. ஆனா இதுங்க கிட்ட பேசறாரு, நான் கேட்டேன்" என்கிறாள். அப்படி ஒன்றும் பேசுவதில்லை. திட்டுவேன், அவ்வளவுதான்.

ஒரு உதவி செய். சீட்டைத் திருப்பும்போது யார் யார் முகம் எப்படி இருந்தது என்று பார்த்து எழுது. காறித் துப்பினால் அதையும் எழுது.

மேட்டி


(பெட்டிக்குள் வைத்த காகிதம்)
3 செப்டம்பர் 1986

அக்கா,

ஐந்து இருக்கிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றியிருக்கிறேன். தாளைத் தவிர வேறு எதையும் பிரிக்காதே. கழுத்தில் நார் கட்டியிருக்கிறேன், அதைத் தொடாதே. ஆறாவது ஒன்று இவற்றைவிடப் பெரியது, ஆனால் தோள் சரிந்திருந்தது, ஜோடி சேரவில்லை. அதை நேற்று ரொட்டி, பாலாடைக்கட்டியோடு தின்றுவிட்டேன்.

கறுப்புத் துணி விரித்து வை. இருமல் மருந்தை மறக்காதே.

மே.


ஹாக்ஸ்லா
9 செப்டம்பர் 1986

தம்பிக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் மூன்று நாளாகக் கால் வீங்கிப் படுத்திருந்தேன்.

கண்காட்சி நன்றாக நடந்தது. நூற்று எழுபது தட்டு. கூடம் முழுக்க டாலியாப் பூ. சுவரோரம் நிற்கிற பையன்கள்கூட உருளைக்கிழங்கு கொண்டுவந்தார்கள். காலின் தன் அம்மா செய்த கேக்கை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். "டேய், நீ சுட்டதா?" என்று யாரோ கேட்டதற்கு, "ஆமா, உள்ள இருந்தப்ப கத்துக்கிட்டேன்" என்றான். அவன் சிரித்து நான் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று.

உன் வெங்காயத்தைக் கறுப்புத் துணியில் வைத்தேன். எல்லோரும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள். ஆனால், மேட்டி, உன் தட்டுக்கு 'விதிப்படி இல்லை' துண்டு விழுந்துவிட்டது. ஆறு இருந்தது. நான் அவசரத்தில் எண்ணாமல் வைத்துவிட்டேன் போலிருக்கிறது. நீயும் அனுப்பும்போது தவறியிருப்பாய். நடுவர், "எந்த மடையன் ஆறு வெச்சான்? அஞ்சா இருந்தா இதுக்கு மேல இங்க ஒண்ணும் இல்ல" என்று முணுமுணுத்தாராம். அதனால் சீட்டைத் திருப்ப முடியவில்லை. உன் வழக்கம்தான் அது, நீயே எழுதியிருந்தாய்.

மத்தியானம் ஹ்யூயி உன் தட்டின் முன்னால் வெகுநேரம் குனிந்து நின்றார். பிறகு என்னிடம் வந்து, "டீ ஆறிப்போச்சு, ஆட்ரி" என்றார். அவ்வளவுதான்.

மனதைத் தளர விடாதே. அடுத்த வருடம் இருக்கிறது.

ஆட்ரி


வெல்பி
14 செப்டம்பர் 1986

அக்கா,

ஆறாவதை நான் தின்றுவிட்டேன்.

மேட்டி


வெல்பி
26 அக்டோபர் 1986

அக்காவுக்கு,

நலமா? ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை.

இங்கே பட்டாணி சீசன் முடிந்துவிட்டது. வெளியூர் ஆட்களைத்தான் முதலில் குறைப்பார்களாம். கிரம்மிட் அம்மாவின் தங்கை வரப்போகிறாள், என் அறை கிறிஸ்துமஸ் வரைக்கும்தான். அதற்குப் பிறகு எங்கே என்று இன்னும் தெரியவில்லை.

விதை எடுத்து வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் போட வேண்டும். போடலாமா, வேண்டாமா என்று மட்டும் எழுது. ஒரு வார்த்தை போதும். வேறு எதையும் நான் கேட்கவில்லை.

இந்தக் குளிருக்குக் கரி சேர்த்து வைத்திருக்கிறாயா?

மேட்டி


ஹாக்ஸ்லா
11 பிப்ரவரி 1987

என் தம்பி மேட்டிக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். எனக்கு உடம்பு சரியாகத்தான் இருக்கிறது. உடம்பைக் காரணம் காட்ட முடியாது. அக்டோபரிலிருந்து எழுதி எழுதிக் கிழித்தேன்.

ஆறாவது வெங்காயம் என்னுடையது.

அன்று காலை உன் ஐந்தையும் வைத்துச் சீட்டைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் காலின் கேக்கோடு சிரித்துக்கொண்டு உள்ளே வந்தான். இன்னும் மூன்று மணி நேரத்தில் நான் இந்தச் சீட்டைத் திருப்பி உன் பெயரைப் படிக்க வேண்டும், அவன் அங்கேயே நின்றுகொண்டிருப்பான் என்று நினைத்தேன். அவனுக்காகச் செய்தேன் என்று இத்தனை மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். உன் பெயரைப் படித்தால் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். என் காய்கறிக் கூடையிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து, நார் கட்டி, உன்னுடையவற்றோடு வைத்தேன். பத்தரைக்கு நானே கதவைச் சாத்தினேன்.

இன்னொன்றை நாம் இருவரும் ஒரு நாளும் பேசியதில்லை. வேலைநிறுத்தத்தின்போது அந்த ஜனவரி முழுக்க நான் நிமோனியாவில் கிடந்தேன். டாக்டர் வாசலில் உன்னிடம் சொன்னது படுக்கையிலிருந்த எனக்கும் கேட்டது. "இந்த ரூம் சூடாகலேன்னா உங்க அக்கா மார்ச் மாசத்தப் பாக்க மாட்டாங்க." வேலைக்குப் போகிறவனுக்கு மட்டும்தான் கரி கொடுத்தார்கள். பிப்ரவரி 11 அன்று நீ போனாய். அந்த வாரமே பழைய தள்ளுவண்டியில் லீக் கீரைக் கட்டுகளுக்கு அடியில் கரியைக் கொண்டுவந்து என் கொட்டகையில் கொட்டினாய். எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. எரித்தேன். எழுந்து உட்கார்ந்தேன். எழுந்ததும் முதல் வேலையாகக் கரண்டியோடு வாசலில் போய் நின்று உன் பஸ்ஸுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

போன புதன்கிழமை கமிட்டியில் செயலாளர் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் போன பிறகு ஹ்யூயியிடம் சொன்னேன், கரியையும் வெங்காயத்தையும். அவர் நாற்காலிகளை அடுக்குவதை நிறுத்தவே இல்லை.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"அந்தப் பிப்ரவரியில ஊரே குப்பமேட்டுல பொறுக்கின தூசிக் கரிய எரிச்சுது. மஞ்சளாப் புகையும், சாக்கட நாத்தம் அடிக்கும். உன் புகைபோக்கி ஒண்ணுதான் நல்ல கரிப் புகை விட்டுது. நாங்க கரிக்காரங்க, ஆட்ரி. புகையப் பாத்தா எங்களுக்குத் தெரியாதா? எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப ஏன் யாரும் கேக்கல?"

"நீ செத்துப்போறதுக்கு ஓட்டுப் போடச் சொல்றியா?"

பிறகு வெங்காயத்தைப் பற்றிச் சொன்னார். "அஞ்சு கழுத்துல மேட்டியோட முடிச்சு. பதினஞ்சு வருஷம் வேலிக்கு அந்தப் பக்கம் பாத்த முடிச்சு. ஆறாவதுல பொம்பளைங்க ரிப்பன் கட்டற முடிச்சு. அப்பவே புரிஞ்சுது."

"அஞ்சா வெச்சு நான் பேரப் படிச்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"வெளிய போயிருப்பேன். காலினையும் கூட்டிட்டுப் போயிருப்பேன். மேட்டிய மன்னிக்கற அளவுக்கு நான் நல்லவன் இல்ல." இன்னும் இரண்டு நாற்காலியை அடுக்கினார். "ஆனா போறதுக்கு முன்னாடி சொல்லியிருப்பேன், அந்த வெங்காயத்துக்கு இந்த மாவட்டத்துல ஜோடி இல்லேன்னு. அதையும் நீ சொல்ல விடல."

மேட்டி, நான் ஒருத்திதான் அவர்கள் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ ஒரு வார்த்தை கேட்டாய். போடு. நாள் தாண்டிவிட்டது என்று எனக்குத் தெரியும். பிப்ரவரியில் போட்டால் எலுமிச்சம்பழ அளவுதான் வரும் என்பாய். வரட்டும். அதை அனுப்பு. செயலாளராக இல்லாவிட்டாலும், சீட்டைக் கவிழ்க்காமல் பெயர் தெரியும்படி நானே வைக்கிறேன். விதிப்படி இல்லை என்று துண்டு போடட்டும்.

இந்தக் கடிதத்துக்காக ஆல்டனுக்குப் பஸ் ஏறப் போவதில்லை. பெக்கியின் கையிலேயே கொடுக்கப் போகிறேன். உறையின் பின்பக்கம் என் பெயரை எழுதுகிறேன்.

உன் கையெழுத்தைப் பார்க்கும்வரை தினமும் தபால் நேரத்துக்கு வாசலில் இருப்பேன்.

உன் அக்கா
ஆட்ரி


(உறையின் பின்பக்கம், பெரிய எழுத்தில்)
அனுப்புநர்: ஆட்ரி பாலிஸ்டர், 14, பழைய கிணற்றுத் தெரு, ஹாக்ஸ்லா, டரம்.

(முன்பக்கம், வெல்பி முகவரியின் மேல் நீலப் பென்சிலால் ஒரு கோடு. அதற்குக் கீழே, வேறு கையெழுத்தில்)
இந்த முகவரியில் இல்லை. கிறிஸ்துமஸுக்கு முன்பே போய்விட்டார். அனுப்பியவருக்கே திருப்பவும்.